முள்வேலியும் உயிர்வேலியும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அக்குறணையைக் கடந்தால் வருவது அலவத்துகொட. பலாவும் கமுகும் மிளகும் கராம்பும் நெருங்கி வளரும் வீட்டுத் தோட்டங்கள் நிறைந்த மலைப்பகுதி அது. இத்தகைய தோட்டங்களைப் பிரிக்கும் எல்லையாக, நட்ட கதியால் தளிர்த்து மரமாகிய உயிர்வேலியைக் காணலாம். மலைநாட்டு மக்கள் செடிகொடிகளைக் காவலாக நம்பியது இன்று நேற்றுத் தொடங்கிய வழக்கம் அன்று. அது அரசர் காலத்துக்கு உரியது.

கோட்டையைச் சூழ்ந்த காவற்காட்டை 'மிளை' என வழங்கினர் பண்டைத் தமிழர். காட்டையும் அரணின் உறுப்பாக எண்ணினார் வள்ளுவர். இந்தக் கருத்துக்குக் கண்டி இராச்சியத்தைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கீசர் படை அழிந்தது. அவ்வெற்றிகளில் கண்டி வீரர்களின் வில்லுக்கும் வேலுக்கும் இருந்த பங்கு, அடர்ந்த காட்டுக்கும் ஒடுங்கிய பாதைக்கும் இருந்தது.

1660இல் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இக்காவலை விரிவாக விளக்கியுள்ளார். மூன்று நான்கு அங்குல நீளமுள்ள, இரும்பாணி போன்ற முட்கள் நிறைந்த கிளைகளை நெருக்கிப் பின்னிக் கதவு செய்தனர். யானைமீது ஏறிச் செல்வோரும் நுழையத்தக்க உயரமான மரச்சட்டத்தில் அதனைத் தொங்கவிட்டனர். காவலர் அங்கே நின்று போவார் வருவாரை விசாரித்தனர். கதவின் இருபுறமும் காடே மதிலாக நின்றது. அதனை வெட்டுவதற்கு அரசன் தடை விதித்திருந்தான். இத்தகைய காவல் வாயிலுக்குச் சிங்களத்தில் 'கடவத்த' என்று பெயர். கொழும்புக்கு அண்மையில் அப்பெயருடன் ஓர் ஊர் இன்றும் இருக்கிறது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் பாதைகளை அகலமாக்கினர். முட்கதவுகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. எனினும் குடியானவனுடைய வேலி நிலைத்தது. முள்முருக்கும் கிளிரிசீடியாவும் எல்லையில் ஊன்றப்பட்டன. அவற்றின்மேல் மிளகுக்கொடி படர்ந்தது. வெட்டிய தழை நிலத்துக்கு உரமாயிற்று.

மனிதனைத் தடுக்கும் அதே அடர்த்தி சிற்றுயிர்களுக்கு அடைக்கலமாகிறது. பருந்தும் பூனையும் எளிதில் நுழைய முடியாத புதரிலே செண்பகம் கூடு கட்டுகிறது. தையற்சிட்டு இலைகளைத் தைத்துக் குஞ்சு பொரிக்கிறது. முள்முருக்கின் செந்நிறப் பூக்களைத் தேன்சிட்டும் மைனாவும் நாடி வருகின்றன. ஓணானும் கீரியும் வேலியின் மறைவிலேயே ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன. வேலியில் வாழும் பறவைகள் பயிரை உண்ணும் புழுக்களைத் தின்பதனால் தோட்டக்காரனுக்கும் நன்மை விளைகிறது.

நொக்ஸின் தாய்நாட்டிலும் இதற்கு ஒப்பான வழக்கம் இருந்தது. 1664இல் முதன்முதல் வெளியான 'சில்வா' என்னும் மரநூலை எழுதிய ஜோன் ஈவ்லின், தம் தோட்டத்து ஹொலி வேலியைப் பற்றிப் பெருமையுடன் பேசியவர். முள்விளிம்புடைய, உதிராத இலைகள் பறவைகளுக்குக் குளிர்காலப் புகலிடம். செந்நிறக் கனிகள் உணவு. ஹொலியில் ஆண்மரமும் பெண்மரமும் வேறு வேறு. ஆண்மரம் அண்மையில் இருந்தாலன்றிப் பெண்மரம் காய்க்காது. அந்த இனத்தைச் சேர்ந்த மரங்கள் சில இலங்கையின் உயர்ந்த மலைக்காடுகளிலும் வளர்கின்றன.

ஆயினும் பறவை விரும்பும் செடி அனைத்தும் நல்ல வேலி ஆகிவிடாது. அமெரிக்க நாட்டு நாயுண்ணிச் செடி 1826இல் பேராதனைப் பூங்காவின் வழியாக இலங்கைக்கு வந்தது. பூவின் அழகுக்காகவே அதனை வளர்த்தனர். பறவைகள் அதன் கனியை உண்டு விதையை எங்கும் பரப்பின. இன்று அது காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் ஆக்கிரமித்த பெருங்களை. எந்தச் செடியை நடுகிறோம் என்ற ஆராய்ச்சி, வேலி அமைப்பதன் முதற் கடமை.

நிலம் துண்டுபடும்போது உயிர்வேலியின் இடத்தைச் சீமெந்து மதிலும் முட்கம்பியும் பிடிக்கின்றன. மதில் எல்லையைத் தெளிவாகக் காட்டும். ஒரு சாண் நிலத்தையும் விழுங்காது. ஆனால் அதில் கூடு இல்லை, பூ இல்லை, தழையும் இல்லை. உயிர்வேலியைக் காக்க விரும்புவோர் அதனை ஒரே நாளில் முழுதும் வெட்டாது, ஒரு பக்கத்தை இவ்வாண்டும் மறுபக்கத்தை அடுத்த ஆண்டும் கழிக்கலாம். கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் கத்தியை ஒதுக்கி வைக்கலாம். பகைவனைத் தடுக்க அரசன் காத்த காடு போயிற்று. அக்காட்டின் சிறு எச்சம்போல் அலவத்துகொடவின் வேலிகள் நிற்கின்றன; அவற்றைக் காப்பதற்கு அரச ஆணை தேவையில்லை, அயலவர் இருவரின் இணக்கம் போதும்.