பணம் போன பாதையும் வாங்கியவரின் உரிமையும்

வீ.பீ.பீ. என்ற மூன்று எழுத்துகள் இன்றைய தலைமுறைக்கு எதையும் நினைவூட்டமாட்டா. தொலைவிலுள்ள கடையொன்றிலிருந்து நூலையோ கைக்கடிகாரத்தையோ அஞ்சலில் தருவித்தால், தபாற்காரர் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு பணத்தைக் கேட்பார். பணத்தை எண்ணிக் கொடுத்த பின்னரே பொதியைப் பிரிக்கலாம். பிரித்தபின் உள்ளே வேறொன்று இருந்தால் தபாற்காரரும் பொறுப்பல்லர், தபாற் கந்தோரும் பொறுப்பல்ல. விற்றவரோடு கடிதப் போர் நடத்தவேண்டியதுதான்.

முகம் காணாத ஒருவரிடம் பொருள் வாங்குவதிலுள்ள இந்தச் சங்கடத்தை இணையம் உண்டாக்கவில்லை. ஆனால், இடையில் நின்று பணத்தைக் கைமாற்றிக் கொடுப்பவருக்கு அதில் எவ்வளவு பொறுப்பு உண்டு என்ற கேள்விக்குக் கடந்த அரை நூற்றாண்டில் இரு வேறு விடைகள் கிடைத்துள்ளன. முதலாவது விடையைச் சட்டமன்றங்கள் எழுதின. இரண்டாவதை ஒரு தனியார் நிறுவனம் எழுதியது.

முதலாவது விடைக்கு வழிவகுத்தது கடனட்டை. 1958 செப்டெம்பரில் பாங்க் ஒஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் 60,000 கடனட்டைகளை யாரும் கேளாமலே தபாலில் அனுப்பிவைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏனைய வங்கிகளும் அவ்வழியே சென்றன. வராத பொருளுக்கும் வாங்காத பொருளுக்கும் கட்டணப் பட்டியல் வந்தது. முறையிட்டால் வங்கி கடைக்காரரைக் கைகாட்டியது. கடைக்காரரோ பணத்தை ஏற்கெனவே வங்கியிடமிருந்து பெற்றுக்கொண்டு நிம்மதியாக இருந்தார். இதற்கு முடிவுகட்டவே 1974 ஒக்டோபரில் அமெரிக்காவில் நியாயமான கடன் பட்டியல் சட்டம் நிறைவேறியது. பட்டியல் கிடைத்து 60 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட்டால், விசாரணை முடியும்வரை அத்தொகையைச் செலுத்தத் தேவையில்லை. உடன்பட்டபடி பொருள் வந்துசேராததும் பட்டியற் பிழையாகவே கொள்ளப்படும் என்றது அது. பொருள் வந்தும் தரம் குறைந்திருந்தால் அந்த வழக்காட்டையும் வங்கியிடம் கொண்டுபோகலாம். ஆனால், விலை 50 டொலருக்கு மேற்பட்டிருக்கவேண்டும்; கடை அதே மாநிலத்திலோ 100 மைல் தூரத்துக்குள்ளோ இருக்கவேண்டும். கடை என்றால் ஒரு தெருவில் இருப்பது என்று சட்டத்தை எழுதியவர்கள் எண்ணிய காலம் அது.

அதே 1974ஆம் ஆண்டிலேயே பிரித்தானியாவும் நுகர்வோர் கடன் சட்டத்தை இயற்றியது. அதன் 75ஆம் பிரிவு, விற்றவர் ஒப்பந்தத்தை மீறினால் கடன் கொடுத்தவரும் சேர்ந்து பொறுப்பாளி என்கிறது. இலண்டனில் வாழும் நம்மவர்கள் பலர் இப்பிரிவின் இலக்கத்தை மனப்பாடமாகவே சொல்வார்கள்.

இனி இணையத்துக்கு வருவோம். 1995 செப்டெம்பரில் பியெர் ஒமிடியார் தொடங்கிய ஏல இணையத்தளமே பின்னாளில் ஈபே ஆனது. அங்கு முதலில் விலைபோனது பழுதடைந்த லேசர் சுட்டி ஒன்று, 14 டொலர் 83 சதத்துக்கு. வாங்கியவர்கள் காசோலையையும் காசுக்கட்டளையையும் தபாலில் அனுப்பினார்கள். விற்றவர்கள் காசோலை மாறும்வரை காத்திருந்தார்கள். பிணக்குகள் தோன்றின. வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் பகிரங்கமாகக் கருத்துரைக்கும் முறையை 1996இல் ஒமிடியார் அறிமுகப்படுத்தினார். ஊரார் வாய்க்கு அஞ்சி நடப்பது எந்தக் கிராமத்திலும் உள்ள ஏற்பாடுதான். ஆனால் ஈபே என்ற ஊரில் பெயர் கெட்டவர் மறுநாளே வேறு பெயரில் குடியேறலாம். 1999இல் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகத்தின் ஈதன் கட்ஷ் குழுவினர் ஈபே பிணக்குகளை மின்னஞ்சல் மூலம் மத்தியஸ்தம் செய்யும் பரிசோதனை ஒன்றை நடத்தினார்கள். சில வாரங்களில் ஏறக்குறைய 200 பிணக்குகள் வந்து குவிந்தன. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகளைக் கண்டவர்களுக்கு இம்முயற்சி புதுமையாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு: நம்முடைய சபையில் இணக்கம் ஏற்படாவிட்டால் அடுத்த படியாக நீதிமன்றம் இருக்கிறது. கலிபோர்னியாக்காரர் ஒருவர் புளோரிடாக்காரர்மீது 40 டொலருக்காக வழக்கிடப் போவதில்லை.

இந்த இடைவெளியில் நுழைந்ததுதான் பேபால். 1998 டிசம்பரில் மக்ஸ் லெவ்ச்சின், பீற்றர் தீல், லூக் நோசெக் ஆகியோர் தொடங்கிய கொன்ஃபினிற்றி நிறுவனமும், எலோன் மஸ்கின் எக்ஸ்.கொம் நிறுவனமும் 2000 மார்ச்சில் இணைந்ததன் விளைவு அது. மின்னஞ்சல் முகவரி இருந்தாற் போதும், பணம் அனுப்பலாம். ஈபே வணிகர்கள் மொய்த்தார்கள். 2002இல் ஈபே 150 கோடி டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்துப் பேபாலை வாங்கிக்கொண்டது.

இங்கேதான் வாசகர்கள் சற்று நின்று கவனிக்கவேண்டும். கடனட்டை மூலம் வரும் ஒவ்வொரு கொடுப்பனவிலும் ஒரு பங்கை அட்டை நிறுவனங்களுக்குப் பேபால் இழந்தது. வங்கிக் கணக்கிலிருந்து நேரே எடுத்தாலோ செலவு சில சதங்கள்தான். ஆகவே வாடிக்கையாளரை வங்கிக் கணக்கின் பக்கம் திருப்புவதில் நிறுவனம் பெருமுயற்சி எடுத்தது. ஒரு டொலருக்கும் குறைந்த இரண்டு சிறு தொகைகளை வாடிக்கையாளரின் கணக்கில் வைப்பிலிட்டு, அவை எவ்வளவு என்று கேட்டுக் கணக்கை உறுதிசெய்யும் கெட்டிக்கார உபாயம் அக்காலத்தில் பிறந்தது. கணக்கு உறுதியானபின், வேறு தெரிவைச் செய்யாவிட்டால் பணம் வங்கியிலிருந்தே போகும். வாங்குபவரின் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சட்டத்தின் கண்ணில் அவை ஒன்றல்ல. கடனட்டை வழியே போன பணத்துக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டம் காவல் நின்றது. வங்கிக் கணக்கிலிருந்து போன பணத்துக்கு 1978ஆம் ஆண்டின் மின்னணுப் பணமாற்றச் சட்டம் மட்டுமே உண்டு. அனுமதியின்றிப் பணம் எடுக்கப்பட்டால் அது உதவும்; நீங்களே அனுப்பிய பணத்துக்குப் பொருள் வராவிட்டால் உதவாது. பேபால் மிச்சம் பிடித்த சில சதங்களோடு வாங்குபவரின் உரிமையும் போய்விட்டது.

முறைப்பாடுகள் பெருகின. கணக்குகள் முடக்கப்பட்டதையும் முறையிட வழியில்லாமற் போனதையும் எதிர்த்து 2002இல் கலிபோர்னியாவில் வழக்குகள் தொடரப்பட்டன. பிணக்குகள் யாவும் சாந்தா கிளாரா மாவட்டத்தில் தனித்தனியே நடுவர் தீர்ப்புக்குப் போகவேண்டும் என்ற பேபாலின் நிபந்தனையை நீதிபதி ஜெரமி ஃபோகெல் அவ்வாண்டு ஓகஸ்ட்டில் நியாயமற்றதெனத் தள்ளினார். சராசரிக் கொடுக்கல் வாங்கல் 55 டொலர். அதற்காக நாட்டின் மறுகோடியிலிருந்து ஒருவர் கலிபோர்னியாவுக்குப் பயணிப்பாரா? அவ்வழக்கு 2004இல் 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலருடன் இணக்கத்தில் முடிந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் எலியட் ஸ்பிற்சர் பிரச்சினையின் வேரைத் தொட்டார். கடனட்டையில் வாங்குபவருக்குள்ள பாதுகாப்பு தன் பயனர்களுக்கும் உண்டு என்ற எண்ணத்தைப் பேபாலின் உடன்படிக்கை ஏற்படுத்தியதாக அவர் குற்றஞ்சாட்டினார். ஒன்றரை இலட்சம் டொலர் செலுத்தவும் வாசகங்களைத் திருத்தவும் நிறுவனம் உடன்பட்டது. 2006 செப்டெம்பரில் 28 மாநிலங்களுடன் இன்னோர் உடன்பாடு. தொகை 17 இலட்சம் டொலர். பணம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் பாதுகாப்புத் திட்டங்களின் எல்லையையும் தெளிவாகச் சொல்லவேண்டும் என்பது அதன் சாரம். தொகைகள் பேபாலுக்குச் சில்லறை. ஆனால், பயனர்கள் எதை அறியாதிருந்தார்கள் என்பது அரச ஆவணத்தில் ஏறியது.

இதற்கிடையில் இரண்டாவது விடை உருவாகிவந்தது. ஈபேயின் பழைய திட்டம் 200 டொலர் வரை ஈடுசெய்து, அதிலும் 25 டொலரைக் கழித்துக்கொள்ளும். 2003இல் பேபால், தகுதிபெற்ற ஈபே விற்பனையாளரிடம் வாங்குவோருக்கு 500 டொலர் வரை பாதுகாப்பளித்தது. எல்லை படிப்படியாக உயர்ந்தது. பின்னர் ஈபேக்கு வெளியே வாங்கிய பொருள்களுக்கும் விரிந்தது. முறையிடும் காலம் 2014 நவம்பரில் 45 நாளிலிருந்து 180 நாளானது. சட்டம் தந்த 60 நாட்களைவிட இது தாராளம் என்பதை மறுக்கமுடியாது. ஈபேயும் பேபாலும் ஓராண்டில் 6 கோடிப் பிணக்குகளைக் கையாண்டன என்றும் அவற்றிற் பெரும்பாலானவற்றை மென்பொருளே தீர்த்துவைத்தது என்றும் அப்பிரிவின் பொறுப்பாளராக இருந்த கொலின் ரூல் எழுதியிருக்கிறார். எந்த நாட்டின் நீதித்துறையும் இத்தனை வழக்குகளைத் தாங்காது.

சீனர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். 2003 ஒக்டோபரில் ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்த மாணவர் ஒருவர் பழைய புகைப்படக் கருவி ஒன்றைச் சீனாவின் சியான் நகர மாணவருக்கு 750 யுவானுக்கு விற்றதே அலிபேயின் முதல் கொடுக்கல் வாங்கல். பொருள் கைக்கு வந்துவிட்டதென வாங்கியவர் சொல்லும்வரை பணம் நடுவிலேயே நின்றது. பிணக்கு வந்தபின் பணத்தைத் துரத்தத் தேவை இருக்கவில்லை. வீ.பீ.பீ. யுகத்தில் நாம் ஏங்கியது இதற்குத்தான்.

பேபாலின் தாராளத்துக்கு ஒரு விலை உண்டு. இலண்டனில் கடனட்டையால் பேபால் வழியே பணம் செலுத்தினால், வாங்குபவருக்கும் வங்கிக்கும் விற்றவருக்கும் இடையிலான சங்கிலியில் ஓர் இடைத்தரகர் புகுந்துவிடுகிறார். 75ஆம் பிரிவு பல சந்தர்ப்பங்களில் செல்லாமற்போகிறது. எஞ்சுவது நிறுவனத்தின் வாக்குறுதி. அதை எழுதியதும் மாற்றக்கூடியதும் அதே நிறுவனம்தான். 2010களில் இலங்கையில் இருந்தவர்களின் நிலையோ இன்னும் விசித்திரமானது. பேபால் மூலம் பணம் செலுத்தலாம், பெறமுடியாது. அந்த நீதிமன்றத்தில் நாம் முறைப்பாட்டாளராக மட்டுமே நுழையமுடிந்தது.

எதிர்த்தரப்பில், அதாவது விற்பவரின் இடத்தில், நிற்பது எப்படியிருக்கும் என்பதை 2012 ஜனவரியில் வெளிவந்த ஒரு செய்தி காட்டியது. பழைய பிரெஞ்சு வயலின் ஒன்றைப் பெண்ணொருவர் கனடாவிலுள்ள ஒருவருக்கு 2500 டொலருக்கு விற்றார். வயலினுக்குள் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டு உண்மையானதல்ல என்று வாங்கியவர் முறையிட்டார். பழைய வயலின்களில் சீட்டுப் பற்றிய சர்ச்சை சகஜம்; வல்லுநர்களே முரண்படுவார்கள். தக்க கைவினைஞர் ஒருவர் அதைப் பரிசோதித்து உறுதிசெய்திருந்தார் என்பது விற்றவரின் வாதம். பேபால் அதைப் போலிப் பொருளாகக் கொண்டது. போலியை அழிக்கும்படி கோரும் அதிகாரம் பயனர் உடன்படிக்கையில் இருந்தது. பணத்தைத் திரும்பப் பெறவேண்டுமானால் வயலினை அழித்துவிட்டதாக நிரூபிக்கவேண்டும் என்று வாங்கியவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் அவ்வாறே செய்தார். 2500 டொலர் அவருக்குத் திரும்பிப் போனது. விற்றவருக்கு வந்துசேர்ந்தது, உடைந்து கிடந்த வயலினின் புகைப்படம்.