நான்கு வாரமும் ஆறு வாரமும்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வாடகைக்கு வீடெடுத்து பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் படிப்பு எப்படிப் போகும் என்பது, இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் அறிவித்த விதிகளின் சில வரிகளில் இருக்கிறது. அவற்றின் சாரத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஒரு செமஸ்டர் 20 வாரம். வாரத்துக்கு 40 மணி நேரம்.

வகுப்பும் வார்டும் சேர்ந்த கணக்கு இது. அடுத்த வரிக்கு இதுவே அடிப்படை.

ஒவ்வொரு பாடத்திலும் 80 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம்.

அப்படியானால் ஒரு செமஸ்டரில் போடக்கூடிய லீவு ஏறத்தாழ நான்கு வாரம். காய்ச்சல், மசக்கை, மாதாந்தர செக்கப், ஸ்கேன் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பிரசவமான உடம்பு தேறவே ஆறு வாரம் ஆகும். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம் வேலை வாங்கக் கூடாது என்றது. 2017 திருத்தம் சம்பளத்தோடு 26 வார விடுப்பும் தந்தது. ஆனால் அந்த உரிமை வேலை பார்ப்பவர்களுக்கு. வார்டில் அவளுக்குக் கற்றுத்தரும் ஸ்டாஃப் நர்ஸ் அக்காவுக்கு அது உண்டு, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளும் இவளுக்குக் கிடையாது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போனால் மூன்றாம் மாதம் திரும்புவதுதான் நம் வழக்கம். அதை விட்டுக்கொடுத்தாலும் ஆறு வாரத்தை நான்கு வாரத்துக்குள் திணிக்க முடியாது.

விடுப்பு எக்காரணத்தால் ஆனாலும் சரி.

80 விழுக்காட்டோடு ஒட்டி வரும் இந்தச் சிறு தொடர்தான் கடுமையானது. பொய்க் காரணம் சொல்லி வராமல் இருப்பவர்களைத் தடுக்க எழுதியிருக்கலாம்; கர்ப்பிணியும் அதில் மாட்டிக்கொள்கிறாள். பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பர் 14 அன்று எழுதிய கடிதத்தில், மாணவியருக்கு மகப்பேறு விடுப்பு விதிகளை வகுக்கும்படியும், வருகையில் தளர்வு தரும்படியும் கேட்டுக்கொண்டது. 2023 மே மாதம், மீரட் பல்கலைக்கழகத்தின் எம்.எட். மாணவி ஒருவருக்கு விடுப்பு மறுத்த உத்தரவை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்து, மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அது நர்சிங் வழக்கு அல்ல. ஆனாலும் படிப்பா பிள்ளையா என்று ஒரு பெண்ணை நெருக்கக் கூடாது என்ற நியாயம் இங்கும் பொருந்தும்.

செய்முறைப் பயிற்சியில் 100 விழுக்காடு, பட்டம் பெறும் முன்.

இதைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கர்ப்பிணியின் வயிற்றில் இடது கையின் ஓரத்தை வைத்து, மேலிருந்து மெல்ல இறக்கி, கருப்பையின் உச்சி எங்கே தட்டுப்படுகிறது என்று பார்க்க வேண்டும். தொப்புள் மட்டம் என்றால் ஏறத்தாழ 24 வாரம். கை பழகினால்தான் அது வரும். தன் வயிறு கட்டில் விளிம்பில் இடிக்க, குனிய முடியாமல் குனியும் மாணவிக்கும் அது வர வேண்டும். ஆனால் விதி கேட்பது பட்டத்துக்கு முன் முடிப்பதைத்தான். ஆகவே விட்டுப்போன போஸ்டிங்கைப் பிறகு ஈடுசெய்யலாம், வரிசையையும் மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்ரே அறை, புற்றுநோய் மருந்து கலக்கும் இடம், அம்மை நோயாளி இருக்கும் வார்டு ஆகியவற்றுக்கு அவளை அனுப்பவே கூடாது.

இங்கே நம் வீட்டு வழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. "மூணு மாசம் ஆகட்டும், யார்கிட்டயும் சொல்லாதே" என்பார்கள் பெரியவர்கள். சிசுவின் உறுப்புகள் உருவாவது அந்த மூன்று மாதத்தில்தான். கதிர்வீச்சும் மருந்தும் அதிகம் பாதிப்பதும் அப்போதுதான். ஊருக்குச் சொல்ல வேண்டாம், வகுப்பு ஆசிரியைக்கு மட்டுமாவது சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்ட ஆசிரியை முகம் சுளிக்காமல் இருப்பதும் அதே அளவு முக்கியம்.

எட்டு ஆண்டுக்குள் படிப்பை முடிக்க வேண்டும்.

நான்காண்டுப் படிப்புக்கு இரட்டிப்புக் காலம். பிள்ளைப்பேற்றுக்காக ஒரு செமஸ்டர் தள்ளிப்போனாலும் படிப்பு கைவிட்டுப் போகாது. "பாதியிலேயே நிறுத்திடு" என்று வீட்டில் பேச்சு எழுந்தால் காட்ட வேண்டியது இந்த வரியைத்தான். கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு எண் வாங்கிக்கொண்டு, பிரசவத் தேதி குறித்த மருத்துவச் சான்றோடு, வருகைத் தளர்வு, போஸ்டிங் மாற்றம், விட்ட பயிற்சிக்கு ஈடு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு, கல்லூரி முதல்வரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.