நூறாண்டு அலை: மும்பை ஹை மேடைகள்

மும்பைக்கு மேற்கே சுமார் 160 கி.மீ. தொலைவில், ஏறத்தாழ 75 மீட்டர் ஆழமுள்ள கடலில் இருக்கிறது மும்பை ஹை எண்ணெய் வயல். 1974இல் ‘சாகர் சாம்ராட்’ துரப்பண மேடை இங்கே எண்ணெயைக் கண்டது. 1976இல் உற்பத்தி தொடங்கியது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் நிலையான மேடைகள், கடலடியில் பைல் அடித்து நிறுத்திய எஃகுக் குழாய்ச் சட்டகங்களின் மேல் நிற்கின்றன. சட்டகத்துக்கு ஜாக்கெட் என்று பெயர்.

இத்தகைய மேடைகளை வழக்கமாக ‘நூறாண்டு அலை’யைத் தாங்கும்படி வடிவமைக்கிறார்கள். பெயரைக் கேட்டு, நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த உயரமோ அதற்கு மேலோ ஓர் அலை எழ ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு. 25 ஆண்டு நிற்கும் மேடை அதை ஒருமுறையாவது சந்திக்க வாய்ப்பு சுமார் 22 சதவீதம். மிதவைக் கருவிகளின் பதிவுகள் சில பத்தாண்டுகளுக்கே இருப்பதால், பழைய புயல்களின் காற்றிலிருந்து அலைகளைக் கணித்து, கும்பெல், வைபுல் போன்ற புள்ளியியல் பரவல்களால் மீதியை நீட்டிக்கிறார்கள்.

அலையின் விசைக்கு 1950இல் வெளியான மோரிசன் சமன்பாடு இன்றும் பயன்படுகிறது. நீரின் வேகம் இரட்டித்தால் இழுவிசை நான்கு மடங்காகும். சிப்பியும் பாசியும் ஒட்டிக் கால்கள் பருத்தாலும் விசை கூடும்; அந்தப் பருமனையும் கணக்கில் சேர்க்கிறார்கள். இவ்வளவு ஆழத்தில் ஜாக்கெட் ஒருமுறை அசைந்து திரும்ப இரண்டு மூன்று வினாடி போதும். புயல் அலைக்குப் பத்து வினாடிக்கு மேல் ஆகும். இரண்டும் ஒத்திசையாதது நல்லது. ஆழம் கூடக்கூட அந்த இடைவெளி சுருங்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம் மேல்தளத்தின் உயரமே. அலைமுகடு தளத்துக்குக் கீழே போகும்வரை நீர் கால்களைத்தான் தள்ளும். தளத்தில் மோதினாலோ, பெரிய சுவரில் அறைந்ததுபோல் விசை சட்டென்று எகிறும். 2005இல் கத்ரீனா, ரீட்டா சூறாவளிகள் மெக்சிகோ வளைகுடாவில் நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகளை அழித்தன; அவற்றில் பலவற்றில் அலை தளத்தையே எட்டியிருந்தது.

மிதக்கும் கலத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் உயிர் நங்கூரத்தில். 2021 மே 17 அன்று டவ்தே புயலில், தொழிலாளர் தங்கியிருந்த பி-305 பார்ஜ் நங்கூரம் அறுந்து அடித்துச் செல்லப்பட்டு, ஆளில்லாத மேடை ஒன்றில் மோதி மூழ்கியது. அதிலும், அதே புயலில் மூழ்கிய வரப்ரதா இழுவைக் கப்பலிலும் இருந்த 274 பேரில் 86 பேர் இறந்தனர். புயல் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது.