இருநூறு ஆண்டுகளாக வரும் கடிதம்

முன்பின் அறியாத ஒருவர் முகநூல் வழியாக உங்களுடன் நட்புக் கொள்கிறார். சில நாட்களில், வெளிநாட்டிலிருந்து உங்களுக்கு விலையுயர்ந்த பரிசு அனுப்பியிருப்பதாகக் கூறுகிறார். பரிசுப் பெட்டி விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகளிடம் நிற்கிறதாம். வரியாகச் சிறிது பணம் கட்டினால் வீடு தேடி வருமாம்! இது கணினிக் காலம் ஈன்ற மோசடி என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் இதன் வயது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கும் மேல்.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி மூண்டபின் பிரபுக்கள் பலர் நாட்டை விட்டு ஓடினர். அக்குழப்பம் பாரிசை அடுத்த பிசேத்ர் சிறையிலிருந்த கைதிகளுக்கு நல்ல மூலதனமாயிற்று. செல்வர்களின் முகவரிகளைத் திரட்டிக் கடிதங்கள் எழுதினர். எழுதுபவர் ஓடிப்போன ஒரு பிரபுவின் பணியாளராம். பொன்னும் வைரமும் நிறைந்த பேழையை வழியில் ஒளித்து வைத்துவிட்டுச் சிறைப்பட்டாராம். கொஞ்சம் பணம் அனுப்பினால், பேழை இருக்குமிடத்தைக் காட்டிப் பங்கும் தருவாராம். இவற்றை ‘ஜெருசலேம் கடிதங்கள்’ என்றனர். அதே சிறையில் கைதியாக இருந்து, பின்னாளில் பாரிஸ் துப்பறியும் பிரிவின் தலைவராகவே உயர்ந்த விடோக் என்பவர், 1828-இல் வெளிவரத் தொடங்கிய தம் நினைவுக் குறிப்புகளில் இவற்றை விவரிக்கிறார். நூறு கடிதங்கள் போனால் இருபதுக்கு மறுமொழி வருமாம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பணியாளர் மறைந்து, ஸ்பெயின் நாட்டுச் சிறையில் வாடும் செல்வர் தோன்றினார். அவருக்குப் பெரும்பாலும் ஆதரவற்ற ஒரு மகளும் இருப்பாள். 1898-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதைப் பற்றி எழுதியபோதே ‘பழைய மோசடி’ என்றுதான் குறிப்பிட்டது. 1980-களில் கடிதங்கள் நைஜீரியாவிலிருந்து புறப்பட்டன. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419-ஆம் பிரிவே இம்மோசடிக்குப் பெயராயிற்று. பிறகு மின்னஞ்சல், அதன்பின் வாட்ஸ்அப்.

பிழை மலிந்த, நம்பவே இயலாத இக்கடிதங்களுக்கு யார்தான் மயங்குவர் என்று நீங்கள் கேட்கலாம். 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வு நிறுவனத்தின் கோர்மக் ஹெர்லி இதற்கு ஓர் அழகிய விடை தந்தார். சைகையை இரைச்சலிலிருந்து பிரித்தறியும் கணக்கு அது. இயற்பியல் படித்தோருக்கு இனிக்கும். கடிதம் அனுப்பச் செலவில்லை. மறுமொழி தருபவரோடு நாட்கணக்கில் பேசுவதுதான் செலவு. நம்பத்தகுந்த கடிதத்துக்கு ஆயிரம் பேர் மறுமொழி தந்து, பத்துப் பேரே பணம் அனுப்புவதாகக் கொள்வோம். மீதி 990 பேரிடம் பேசியது வீண். அபத்தமான கடிதத்துக்கு ஐம்பது பேரே எழுதலாம். ஆனால் அவர்களில் எட்டுப் பேர் இறுதிவரை வருவர். ஆக, அபத்தம் என்பது ஒரு சல்லடை. அறியாமையால் எழுதியது என்று நாம் சிரித்தது தவறு.

இங்குதான் கவலை தொடங்குகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையற்ற தமிழில் சலியாமல் உரையாடுகின்றன. பேசும் செலவு குறைந்தால் சல்லடை எதற்கு? ‘எழுத்துப் பிழை இருக்கிறதா, பாருங்கள்’ என்ற பழைய அறிவுரை இனி அதிகம் உதவாது. நடையை விட்டுவிட்டு அமைப்பைப் பாருங்கள். பெறப்போகும் பெரும் பணத்துக்காக முதலில் உங்கள் பணம் போக வேண்டும், விரைவில் போக வேண்டும், யாருக்கும் தெரியக்கூடாது. பிசேத்ர் கடிதத்தின் எலும்புக்கூடு இதுதான். யு.பி.ஐ. வழியே பணம் பெற இரகசிய எண் தேவையே இல்லை. ‘பணம் வர எண்ணை அழுத்துங்கள்’ என்பவர் உங்கள் பணத்தைத்தான் எடுக்கிறார். ‘டிஜிட்டல் கைது’ என்று காணொளியில் மிரட்டுவோர் ஆசைக்குப் பதில் அச்சத்தை வைக்கின்றனர். அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை. சில கும்பல்கள் முதலில் நூறு, இருநூறு ரூபாய் உண்மையாகவே தருகின்றன. தூண்டிலில் புழுவும் உண்மைதானே!

ஸ்பெயின் கைதியிடம் ஏமாந்தோர் பலர் வெட்கத்தால் வாய் திறக்கவில்லை. அன்று அதனால் பெரிய வேறுபாடு இல்லை. கடல் கடந்த பணம் கடந்ததுதான். இன்று அப்படியன்று. போன பணம் சில மணி நேரம் வங்கிக் கணக்குகளுக்கிடையே அலைகிறது. அதற்குள் 1930 என்ற எண்ணில் புகார் செய்தால், எடுக்கப்படாமல் எஞ்சியிருக்கும் தொகையை வங்கிகள் முடக்கி வைக்க இயலும்.