ஓநாய்ன்னு பேர் வெச்ச நோய்: லூபஸின் கதை

1950 டிசம்பர். அமெரிக்காவில் 25 வயசு எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர், கிறிஸ்துமஸுக்காக ரயிலில் ஊருக்குக் கிளம்புறாங்க. ஜார்ஜியா போய்ச் சேரும்போது உடம்பு ரொம்ப மோசம். முதலில் டாக்டர்கள் மூட்டுவாதம்னு நினைச்சாங்க. நிஜத்தில் அது லூபஸ். அவங்க அப்பா 1941-ல் இறந்ததும் இதே நோயால்தான். அம்மா உண்மையை மகளிடம் மறைத்தார். 1952-ல் ஒரு தோழி சொல்லித்தான் அவங்களுக்கே தெரிஞ்சது.

ஏன் இவ்வளவு குழப்பம்? லத்தீனில் லூபஸ்னா ஓநாய். ஓநாய் கடிச்ச மாதிரி தோலை அரிக்கும் புண்களுக்கு அந்தக் காலத்தில் வெச்ச பேர். 1846-ல் வியன்னாவின் ஹெப்ரா, கன்னத்தில் வரும் சிவப்புத் தடிப்பை வண்ணத்துப்பூச்சியோடு ஒப்பிட்டார். ஆனாலும் ரொம்ப நாள் இதைத் தோல் நோயாகத்தான் பார்த்தாங்க. 1872-ல் கபோசி, காய்ச்சல், மூட்டுவலி எல்லாம் சேர்ந்து வரும்னு எழுதினார். 1948-ல் ஹார்கிரேவ்ஸ் குழு எலும்பு மஜ்ஜையில் எல்.இ. செல்லைக் கண்டுபிடிச்ச பிறகுதான் நம்பி எடுக்க ஒரு டெஸ்ட் கிடைச்சது.

நம்ம பாஷையில் சொன்னா, உடம்பின் ஃபயர்வாலே சொந்த சர்வரைத் தாக்குது. எரர் ஒவ்வொரு இடத்திலும் வேற மாதிரி வரும். தனித்தனியாப் பார்த்தா எல்லாமே சாதாரணம்தான்.

அதனால சேர்த்துப் பாருங்க. வெயில் பட்டா அதிகமாகும் முகத் தடிப்பு, காலையில் விறைக்கும் மூட்டுகள், வாய்ப்புண், கொத்தாக முடி உதிர்வது, காரணமில்லாத காய்ச்சல், தூங்கியும் தீராத அசதி. இதில் சிலது வாரக்கணக்கில் சேர்ந்து நீடிச்சா டாக்டரைப் பாருங்க. தேவைப்பட்டால் ருமட்டாலஜிஸ்டிடம் அனுப்புவாங்க. அதிகம் பாதிக்கப்படுவது இளம் பெண்கள்தான். 'ஆபீஸ் ஸ்ட்ரெஸ்'னு ஒதுக்காதீங்க. ஏ.என்.ஏ. டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்தாலே லூபஸ்னு முடிவு பண்ணவும் வேண்டாம். லூபஸ் இல்லாதவங்களுக்கும் அப்படி வரலாம்.

சிறுநீரில் நுரை, கால் வீக்கம்னா தள்ளிப்போடாதீங்க, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, திடீர்க் குழப்பம் என்றால் உடனே எமர்ஜென்சி.

ஓ'கானர் ஹார்மோன் ஊசிகளோடு எழுதிக்கிட்டே இருந்தாங்க. 1964-ல் இறக்கும்போது வயசு 39. இன்னைக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உட்பட நல்ல மருந்துகள் இருக்கு. சீக்கிரம் கண்டுபிடிச்சா பெரும்பாலானவங்க பல வருஷம் நல்லா வாழலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்!