எட்டு வகையும் நான்கு வகையும்: ஆங்கிலச் சொல்லிலக்கணம் தமிழ்ப் பள்ளிக்கு வந்த வரலாறு

சென்னையின் மேற்குப் புறநகரான அயனம்பாக்கத்திலும் அதைச் சூழ்ந்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலும் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கில வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் கோடிட்டு, இது நவுன், இது வெர்ப், இது அட்ஜெக்டிவ் என்று எழுதிப் பழகும் பயிற்சி, கிரேக்க இலக்கணத்தில் வேர்கொண்டு பல நாடுகளைக் கடந்து வந்ததாகும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த டயோனீசியஸ் திராக்ஸ் பெயரால் வழங்கும் சிறுநூல் சொற்களை எட்டாகப் பகுத்தது. இலத்தீன் புலவர்கள் தம் மொழியில் இல்லாத ஆர்ட்டிகிளை நீக்கி, வியப்பும் துயரும் காட்டும் ஒலிச்சொற்களை அவ்விடத்தில் சேர்த்து, எட்டு என்னும் எண்ணைக் காத்தனர். ஆங்கிலத்துக்கு இலக்கணம் செய்தோர் அதையே தழுவினர். எனினும் 1795இல் வெளிவந்த லிண்ட்லி மர்ரேயின் நூல் ஒன்பது வகை கூறியதிலிருந்து, இந்த எண்ணிக்கை மொழியின் இயல்பால் மட்டும் அமைந்ததன்று, மரபாலும் அமைந்தது என்பது விளங்கும்.

தமிழ்நாட்டில் இந்த இலத்தீன் அச்சு முதலில் வார்க்க முயன்றது தமிழையே. 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான, கிறித்தவ மறைபரப்பாளர் சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் அவ்வழியில் அமைந்தது. வீரமாமுனிவரோ 1730இல் தொன்னூல் விளக்கத்தைத் தமிழ் மரபிலேயே இயற்றினார். ஆங்கில இலக்கணம் தமிழ்ப் பிள்ளைகளின் பாடமாகப் பரவியது அதன் பின்னரே. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தமை தெரியவந்தது. திண்ணைப் பள்ளிகளின் மரபில் எண்சுவடியும் நிகண்டும் மனப்பாடமாயின, மேலே கற்றவர் நன்னூலை அடைந்தனர். 1835இல் ஆங்கிலவழிக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்பும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகமும் ஆங்கிலக் கல்வியை வேரூன்றச் செய்தபின், நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்களும் 1930களில் ரென், மார்ட்டின் இருவரின் நூலும் வகுப்பறைகளை ஆண்டன.

தமிழ் இலக்கணம் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகவே பகுத்தது. வேற்றுமை உருபை, அதாவது ‘ஐ’, ‘கு’ போன்ற ஈறுகளை, ஏற்பது பெயர். காலம் காட்டுவது வினை. ஆகவே ‘நீரை’ என்பதிலும் ‘பாய்ச்சினான்’ என்பதிலும் சொல்லின் வடிவமே அதன் வகையை உரைத்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ ‘வாட்டர்’ என்னும் ஒரே வடிவம் குடிக்கும் நீரைக் குறிக்கையில் பெயர், செடிக்கு ஊற்று என்று ஏவுகையில் வினை, ‘வாட்டர் டேங்க்’ என வருகையில் அடுத்த பெயருக்கு அடை. அதை வகைப்படுத்துவது அது நிற்கும் இடமும் செய்யும் வேலையுமே. சொல்லின் வேலையைப் பார்த்தே வகை காணவேண்டும் என்ற விதியை நெஸ்ஃபீல்டே வற்புறுத்தியிருந்தும், வகுப்பறையில் பெரும்பாலும் நிலைத்தவை வரையறைகளை ஒப்பிக்கும் வழக்கமும் எட்டுப் பெயர்களின் பட்டியலுமே. இது பெரும் இழப்பு. ஏனெனில் பகுதி, விகுதி, இடைநிலை என்று சொல்லைப் பிரித்துப் பழகிய பிள்ளைக்கு அலசும் திறன் ஏற்கனவே கைவந்திருந்தது; அதை ஆங்கில வகுப்பு பயன்படுத்திக்கொள்ளவில்லை.

ஆங்கில ஆசிரியர்கள் ‘நீரை’ என்பதையும் ‘வாட்டர்’ என்பதையும் ஒரே கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, ஒன்றில் ஈறும் மற்றொன்றில் இடமும் என்ன செய்கின்றன என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் செய்யவேண்டும், பட்டியலை மனப்பாடம் செய்வது அதற்குப் பிறகு வரட்டும்.