செடியில் எழுதிய பெயர்

ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் முன்வளவில் ஒரு வாக்குவாதம் நடக்கும். ரோட்டுப் பக்கம் இருக்கிற பொக்ஸ் செடி வேலியை அப்பா ஒரே மட்டமாக வெட்டுவார். வெட்டின குழை எல்லாம் குப்பை வாளிக்குள் போகும். அம்மம்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. ஊரில் கிளுவையையும் பூவரசையும் வெட்டினால் குழை ஆட்டுக்குப் போகும், மிச்சம் தோட்டத்துக்குப் பசளையாகும். "ஆடும் தின்னாது, அடுப்பும் எரியாது. பிறகேன் இதை வளர்த்து வளர்த்து வெட்டுறியள்?" என்று கேட்பார்.

ஆடு தின்னாது என்பது உண்மைதான், பொக்ஸ் இலை நஞ்சு. ஆனால் அவர் கேட்ட "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் தேடினால் இரண்டாயிரம் வருடம் பின்னால், ரோமுக்குப் போகவேண்டும்.

ரோம் நாட்டு அறிஞர் மூத்த பிளினி, வெசூவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79இல் இறந்தவர். மரங்களையும் செடிகளையும் வடிவமாகக் கத்தரிக்கும் வழக்கத்தைத் தொடக்கியவர் அகஸ்டஸ் பேரரசரின் நண்பர் காயஸ் மாட்டியஸ் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். சைப்பிரஸ் மரங்களை வெட்டியே வேட்டைக் காட்சிகளும் கப்பல் கூட்டங்களும் செய்தார்களாம். அதாவது செடி வெட்டுவது பணக்காரரின் விளையாட்டாகத்தான் தொடங்கியது. சாப்பிடவோ விற்கவோ உதவாத ஒன்றுக்கு இவ்வளவு ஆட்களையும் நேரத்தையும் செலவழிக்க என்னால் முடியும் என்று காட்டுவது. அம்மம்மா பிழை சொல்லும் அதே விசயம்தான் அவர்களுக்குப் பெருமை.

அவருடைய மருமகன் இளைய பிளினி தன் டஸ்கனி மாளிகையைப் பற்றி நண்பருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அங்கே பொக்ஸ் செடியில் வெட்டிய மிருகங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. எழுத்துக்களும் இருக்கின்றன. சில இடத்தில் அவை வீட்டு எசமானின் பெயர். சில இடத்தில் அந்தச் செடியை வெட்டிய தோட்டக்காரரின் பெயர்.

இதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ரோமில் இந்த வேலை செய்தவர்களை டோப்பியாரியஸ் என்று அழைப்பார்கள். ஆங்கிலத்தில் வடிவமாக வெட்டிய செடியை டோப்பியரி என்று சொல்வது அதிலிருந்து வந்ததுதான். அவர்களில் பெரும்பாலானோர் அடிமைகள், அல்லது விடுவிக்கப்பட்ட அடிமைகள். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத ஒருவரின் பெயர், எசமானின் பெயரைப் போலவே, அதே தோட்டத்தில், பச்சை எழுத்தில்! ஆனால் அந்தப் பெயர் என்னவென்று பிளினி எழுதவில்லை. கடிதம் இன்றும் இருக்கிறது, பெயர் இல்லை.

பச்சை எழுத்து ஏன் நிலைக்காது என்பதற்கு இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் வேண்டும். ஒரு கிளையின் நுனிமொட்டு ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பி, பக்கமொட்டுகளை வளரவிடாமல் அடக்கி வைத்திருக்கும். நுனியை வெட்டினால் அந்த அடக்குமுறை போய்விடும், பக்கமொட்டுகள் எல்லாம் துளிர்க்கும். அதனால்தான் வெட்ட வெட்டச் செடி அடர்த்தியாகிறது. இலங்கை மலையகத்தில் தேயிலைக்குச் செய்யும் கவ்வாத்தும் இதே கணக்குத்தான். கவ்வாத்து இல்லாவிட்டால் தேயிலை மரமாகிவிடும். பொக்ஸ் மெதுவாக வளரும், இலை சின்னது, பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். எழுத்து வெட்ட இதைவிட நல்ல செடி கிடைக்காது. ஆனாலும் இரண்டு மூன்று வருடம் கத்தரி படாவிட்டால் எழுத்து கரைந்து வெறும் புதராகிவிடும். (இங்கிலாந்தில் ஜூன் தொடக்கத்தில் நடக்கும் டேர்பி குதிரைப் பந்தய நாளில் பொக்ஸ் வெட்டத் தொடங்குவது பழைய வழக்கம். அதற்குள் பனிப்பயம் போய்விடும், புதுத் துளிர் கருகாது. அப்பாவுக்குக் குதிரை பற்றி ஒன்றும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர் வெட்டும்போது இவரும் வெட்டுவார்.)

இங்கிலாந்தின் கும்பிரியாவில் லெவென்ஸ் ஹோல் என்ற மாளிகை இருக்கிறது. அதன் தோட்டத்தை 1694இல் அமைக்கத் தொடங்கியவர் கியோம் போமோன் என்ற பிரெஞ்சுக்காரர். அரசர் இரண்டாம் ஜேம்ஸிடம் வேலை செய்தவர். பொக்ஸிலும் யூ மரத்திலும் அவர் தொடங்கிய வடிவங்களில் சில இன்னும் நிற்கின்றன. ஆனால் அடுத்த நூற்றாண்டில் நாகரிகம் தலைகீழாக மாறிவிட்டது. 1713இல் கவிஞர் அலெக்சாண்டர் போப், கார்டியன் என்ற பத்திரிகையில் (இப்போது வருகிற கார்டியன் இல்லை, அது வேறு) வெட்டிய செடிகளை நன்றாகக் கிண்டல் பண்ணினார். ஏவாளும், புயலில் அடிபட்ட ஆதாமும் விற்பனைக்கு இருக்கிறார்கள் என்று ஒரு பொய்ப் பட்டியலே போட்டார். பிறகு பல பெரிய வீடுகளில் இந்தத் தோட்டங்களை அழித்துவிட்டு, இயற்கை மாதிரித் தெரியும் புல்வெளிகளைப் போட்டார்கள். லெவென்ஸ் தப்பியது. அதை 19ஆம் நூற்றாண்டில் மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் ஃபோர்ப்ஸ் என்ற தலைமைத் தோட்டக்காரர்.

போமோன், ஃபோர்ப்ஸ் என்று தலைவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஏணியில் ஏறி வெட்டினவர்கள்?

அதற்கு கோர்ன்வோலில் உள்ள ஹெலிகன் தோட்டத்துக்குப் போகவேண்டும். முதலாம் உலகப் போருக்கு முன் அங்கே 22 தோட்டக்காரர்கள் வேலை செய்தார்கள். போர் வந்தது, போனார்கள். 1916இல் எட்டுப் பேர்தான் மிச்சம். போனவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. வெட்ட ஆளில்லாமல் லோரல் செடிகள் மரமாகின, முட்கொடி பாதைகளை மூடியது. 1990இல் உள்ளே வழி வெட்டிப் போனவர்கள் ஒரு பழைய சின்ன அறையைக் கண்டார்கள். தோட்டக்காரர்களின் கக்கூஸ் அது. சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் அவர்கள் தங்கள் பெயர்களை எழுதியிருந்தார்கள். கூடவே திகதி: ஆகஸ்ட் 1914.